பழைய 600 சிசி ஸ்போர்ட் பைக் வாங்கப் போகிறீர்களா? ஆவணம் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை

பழைய ஸ்போர்ட் பைக் ஒன்றை வாங்கினால், முன்பு வைத்திருந்தவர் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளும் சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வரும். மாற்றாத டயர், திறந்தே பார்க்காத வால்வு, பாதியில் நிற்கும் கடன் கணக்கு என்று அந்தப் பட்டியல் வண்டிக்கு வண்டி மாறும். விலை குறைவு என்று வாங்கிய வண்டி கடைசியில் பெருஞ்செலவில் இழுத்துவிடுவது இதனால்தான்.

நான் வாங்கிய வண்டியில் எஞ்சின் நன்றாகவே இருந்தது. தாள்கள்தான் என்னை அலைக்கழித்தன. விற்றவர் கடனை முழுதாகக் கட்டியிருந்தார். கடன் கொடுத்த நிறுவனம் அதற்கான கடிதத்தை அவருக்குத் தரவே இல்லை. அந்த ஒரு தாள் வரும்வரை பெயர் மாறவில்லை. பெயர் மாறாததால் என் பெயரில் இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. ஓட்டுவதற்கு நல்ல பருவம் முழுக்க வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். வண்டியைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு இன்சூரன்ஸ் விசாரிப்பதும், அட்வான்ஸ் கொடுத்த பிறகு தாள் கேட்பதும்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

1. நான்கு சிலிண்டரா, இரண்டு சிலிண்டரா?

மிடில்வெயிட் ஸ்போர்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வருபவை இரண்டு வகை. யமஹா ஆர்6, ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600, கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் ஆகியவை ரேஸ் தடத்தை மனதில் வைத்து உருவான நான்கு சிலிண்டர் வண்டிகள். மூன்று சிலிண்டர் ட்ரையம்ப் டேடோனா 675-ஐயும் இவற்றோடு சேர்க்கலாம். மறுபக்கம் சுசுகி எஸ்வி650எஸ், கவாசாகி நிஞ்சா 650, யமஹா ஆர்7, ஏப்ரிலியா ஆர்எஸ்660 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகள்.

பழைய சந்தையில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும்போது, நான்கு சிலிண்டர்தான் லாபம் என்று தோன்றும். வைத்து ஓட்டும் செலவு வேறு கதை சொல்லும். நான்கு சிலிண்டரில் 16 வால்வு, இரட்டையில் 8. அந்த வால்வுகளைத் தொட டாங்க், எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸ், வண்டியை மூடியிருக்கும் ஃபேரிங் உறை எல்லாம் இறங்க வேண்டும். பின் டயர் ஆர்6, சிபிஆர்600ஆர்ஆர் வகையில் 180/55-17. நிஞ்சா 650, எஸ்வி650 வகையில் 160/60-17. அகல டயர் விலை கூடுதல். இன்சூரன்ஸும் பல இடங்களில் கூடுதல்தான்.

ஓட்டும் குணமும் வேறு. 600 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் தன் முழு பலத்தை 10,000 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) மேல்தான் காட்டும். நெரிசலில் 4,000, 5,000-இல் சாதுவாக வரும் வண்டி, த்ராட்டிலைத் திறந்தபடியே விட்டால் ஒரு கட்டத்தில் சட்டென்று பாயும். புதியவர் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான். இரட்டை சிலிண்டர் கீழிருந்தே சீராக இழுக்கும். இது உங்கள் முதல் பெரிய வண்டி என்றால் இரட்டை சிலிண்டரை வாங்குங்கள் என்பதே என் கருத்து. நான்கு சிலிண்டர்தான் வேண்டும் என்று மனம் பிடித்துவிட்டால், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள ஆண்டு மாடலைத் தேடுங்கள்; அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

2. லைசென்ஸும் இன்சூரன்ஸும் முதலில்

உங்கள் லைசென்ஸ் வகுப்பு இந்த வண்டியை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் சக்தியை வைத்து வகுப்பு பிரிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏ2 வகுப்புக்கு உச்ச வரம்பு 35 கிலோவாட். 600 சிசி நான்கு சிலிண்டர் எதுவும் அதற்குள் அடங்காது. சக்தியைக் குறைத்து ஏ2-வுக்கு ஏற்ப மாற்றலாமே என்றால், மூல சக்தி 70 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே ஆர்6 போன்ற வண்டிகளுக்கு அந்த வழியும் அடைபட்டதே.

பிறகு இன்சூரன்ஸ். மனதில் உள்ள மூன்று, நான்கு மாடல்களுக்கு, உங்கள் வயது, அனுபவம், முகவரி கொடுத்து விலை கேளுங்கள். சிசி ஒன்றாக இருந்தும் மாடலுக்கு மாடல் தொகை எகிறும்; சிலருக்கு இந்த ஒரு விசாரிப்பிலேயே எந்த வண்டி என்று முடிவாகிவிடும். வெளிச்சந்தையில் வாங்கி மாட்டிய சைலன்சர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றம் போன்றவற்றை மறைத்து எடுத்த பாலிசி, விபத்து நாளில் கைகொடுக்காமல் போகலாம். மாற்றம் உள்ள வண்டி என்றால் அதைச் சொல்லியே விலை கேளுங்கள்.

3. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கையில் உள்ள மொத்தத்தையும் வண்டி விலையில் கொட்டாதீர்கள். ஒரு பங்கு வண்டிக்கு. இரண்டாவது பங்கு உடனடி வேலைகளுக்கு: ஒரு ஜோடி டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், பேட்டரி, பிரேக் பேட், எண்ணெய்கள். இவை அத்தனையும் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். தேவைப்படாவிட்டால் பணம் மிச்சம். மூன்றாவது பங்கு உங்கள் உடம்புக்கு: முழுமுக ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ். ஹெல்மெட்டில் இசிஇ 22.06 தர முத்திரை இருக்கட்டும். ஜாக்கெட், பேன்டுக்கு இஎன் 17092 தரத்தில் ஏஏஏ உச்சம். ஏஏ அதற்கு அடுத்தது. பழைய ஹெல்மெட்டை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடிவாங்கி நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது.

பெரிய சர்வீஸ் எப்போது வருகிறது என்பதுதான் பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டு. வால்வு இடைவெளி சோதனை டேடோனா 675-க்கு 20,000 கி.மீ.யை ஒட்டி, சிபிஆர்600ஆர்ஆர், எஸ்வி650-க்கு 24,000-ஐ ஒட்டி, ஆர்6-க்கு 40,000-ஐ ஒட்டி வரும். ஆண்டு மாடலைப் பொறுத்து இது மாறும் என்பதால் அந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள். 23,000 ஓடிய சிபிஆர் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால், அந்த வேலைக்கு முன்னால் கைமாற்றிவிடப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. இதில் உதிரிபாக விலை அதிகம் இல்லை, கூலிதான் கடிக்கும். வால்வு மேல் உட்காரும் பக்கெட் என்ற மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) மாற்ற வேண்டி வந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும்.

4. போனிலேயே முடிய வேண்டிய கேள்விகள்

நேரில் போவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயரிலா? கடன் உண்டா, முடிந்திருந்தால் அதற்கான கடிதம் கையில் உள்ளதா? எத்தனை சாவி? விழுந்ததுண்டா? ரேஸ் தடத்தில் ஓடியதா? கடைசியாக வால்வு பார்த்தது எப்போது, ரசீது உண்டா? கழற்றிய ஒரிஜினல் சைலன்சர், கண்ணாடி, பின் மட்கார்டு கிடைக்குமா?

சாவிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள யமஹா வண்டிகளில் சிவப்புத் தலை கொண்ட ஒரு சாவி வரும். புதுச் சாவிகளைப் பதிவு செய்ய அது வேண்டும். அது தொலைந்திருந்து, மற்ற சாவிகளும் ஒருநாள் தொலைந்தால் செலவு பெரிதாகிவிடும்.

முடிக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." காரணம் ஆறாவது படியில் வரும். பகலில், மழை இல்லாத நாளில் போங்கள். நனைந்த வண்டியில் கீறலும் தெரியாது, எண்ணெய்க் கசிவும் தெரியாது.

5. வண்டிக்கு முன் தாள்

நேரில் போனதும் வண்டி அருகில் போகாமல் முதலில் தாள்களை வாங்கிப் பாருங்கள். வண்டியைப் பார்த்துவிட்டால் தாளில் உள்ள குறை சின்னதாகத் தெரியும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நண்பன் வண்டி, அவன் வெளியூரில் இருக்கிறான்" என்றால், அந்த நண்பர் ஊர் திரும்பும் நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு சேஸிஸ் எண். பொதுவாக ஹேண்டில் குழாய் சேரும் தலைப்பகுதியில், ஃபிரேமிலேயே பொறித்திருக்கும். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. டார்ச் அடித்து, சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கிறதா, சுற்றிலும் தேய்த்து பெயிண்ட் அடித்த அடையாளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சின் எண் எஞ்சின் உறையில் இருக்கும். சான்றிதழில் அதுவும் பதிவாகியிருந்தால் ஒத்துப்போக வேண்டும். ரேஸ் தடத்தில் எஞ்சின் மாற்றிய வண்டிகள் மாட்டுவது இங்கேதான்.

அந்த 17 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். திருட்டு வண்டியா? இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று தள்ளிய வண்டியா? கடன், வரி, அபராதம் பாக்கி உண்டா? தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் ஏதாவது நிலுவையில் உள்ளதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுசுகி 2013-இல் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்காக 2004 முதல் 2013 வரையிலான ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே அரிப்பு ஏற்பட்டு வாயு சேர்ந்து பிரேக் பிடிமானம் குறையும் என்பது குறை. இப்படிப்பட்ட வேலை அந்த வண்டியில் முடிந்ததா என்பதை டீலரிடம் எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். வேலைக்குப் பணமும் பொதுவாகக் கேட்பதில்லை.

கடன் விஷயத்தில் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். கடன் முடிந்ததற்கான கடிதம், அந்தக் குறிப்பு பதிவிலிருந்து நீங்கியதற்கான சான்று, இரண்டும் வேண்டும். கடன் முடிந்தும் குறிப்பு நீங்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வண்டிகள் நிறைய. கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன் என்று விற்பவர் சொன்னால், வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல வண்டி கைநழுவிப் போகுமே என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த வகை வண்டிகள் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

6. குளிர்ந்த எஞ்சினும் ஒரு டார்ச்சும்

இப்போது வண்டி. முதல் வேலை, எஞ்சின் உறையில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓடவைத்திருக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, முதல் நொடிகளில் வரும் கேம் செயின் சத்தம், ஆரம்பத்தில் மட்டும் வரும் நீலப் புகை எல்லாம் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். அப்படி என்றால் ஆறும்வரை மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள்; காத்திருக்க விற்பவருக்குப் பொறுமை இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஃபேரிங்கைப் பார்த்துப் பயனில்லை. ஃபேரிங் மாற்றுவது எளிது. வெளிச்சந்தையில் புதுசாகவே கிடைக்கும். ஹேண்டிலை முழுதாக இடப்பக்கம் திருப்பி, கீழே ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பிடிக்கும் கிளாம்ப்பின் நடுவில் டார்ச் அடியுங்கள். ஹேண்டில் மேலும் திரும்பாமல் ஃபிரேமில் முட்டி நிற்கும் சின்னத் தடுப்பு ஒன்று அங்கே இருக்கும். வலப்பக்கமும் அப்படியே. அந்தத் தடுப்பு நசுங்கியோ, உடைந்தோ, ஃபிரேமில் குழி விழுந்தோ இருந்தால் வண்டி வேகத்தில் புரண்டிருக்கிறது. அதோடு கிளம்பிவிடலாம். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டிக்கு அடையாளம் வேறு: ஹேண்டில் முனை, பிரேக் லீவர் நுனி, ஃபுட்பெக் முனை, எஞ்சின் பக்க உறையில் கீறல். அது பேரத்துக்கு உதவும். வாங்கக் கூடாது என்பதில்லை.

ரேஸ் தடத்தில் ஓடிய வண்டியில், எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, பிரேக் காலிப்பர் போல்ட் ஆகியவற்றின் தலையில் கம்பி கோர்க்கச் சின்னத் துளை போட்டிருப்பார்கள். போல்ட்டை மாற்றாமல் விற்பனைக்குக் கொண்டுவருபவர்களே அதிகம். தடத்தில் ஓடியதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். கவனமாகப் பார்த்துக்கொண்ட தட வண்டிகள் உண்டு. அதை மறைத்து விற்பதுதான் பிரச்சினை. வீலி சாகசம் செய்த வண்டியை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். பின்பக்க வால் அடியில் தேய்மானம், வழக்கத்தைவிடப் பெரிய பின் ஸ்ப்ராக்கெட், டாங்க் மேல் உட்கார்ந்து விழுந்த பள்ளம் ஆகியவை அதன் அடையாளங்கள். சக்கரத்தைத் தூக்கி ஓட்டும்போது எஞ்சினுக்கு எண்ணெய் சரியாகப் போகாது.

ஃபோர்க் குழாயில் கல் பட்ட பொட்டு இருக்கிறதா என்று நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைக் கிழிக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, சீலுக்குப் பக்கத்தில் குழாயை வெள்ளைத் தாளால் துடையுங்கள். தாளில் எண்ணெய் வளையம் வந்தால் சீல் போய்விட்டது. கசிவு பிரேக் பேட் மேல் இறங்கியிருந்தால் பேடும் செலவுக் கணக்கில் சேரும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேர் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட் பேரிங்கை மாற்ற வேண்டும்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்கு எழும்பினால் செட்டாக மாற்றும் நேரம். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே தளர்வைப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வும் இருந்தாலும் அதே முடிவுதான். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று பொறித்திருக்கும். ஒரு சின்ன அளவுகோல் கொண்டு போனால் அங்கேயே தெரிந்துவிடும்.

டயரில் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கோடுகள் ஆழமாக இருந்தாலும் ஐந்து வருடத்தைத் தாண்டிய டயரை ஸ்போர்ட் வண்டியில் நான் நம்ப மாட்டேன்; ரப்பர் இறுகிப்போய் வளைவில் பிடிப்பு குறையும். குறைந்த கி.மீ. ஓடிய பழைய வண்டி என்றால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். பல வருடம் நின்ற வண்டியில் டயர் மட்டுமா, பிரேக் ஹோஸ், ஃபோர்க் சீல், டாங்க் உள்பக்கம் எல்லாமே மூத்திருக்கும். வருடா வருடம் ஓடி, ரசீது வைத்திருக்கும் 40,000 கி.மீ. வண்டியை நான் அதைவிட விரும்புவேன்.

சாவியைத் திருப்பும்போது மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால், அது எரியாதபடி செய்திருக்கலாம். ஏபிஎஸ் விளக்கு எரிந்தே இருந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் அணையும். நிற்கும்போதே அணைந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மல்டிமீட்டர். பழைய ஸ்போர்ட் பைக்குகளில் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், அதைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றும் ரெக்டிஃபையர் இரண்டும் அடிக்கடி போகும். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 5,000 ஆர்பிஎம்மில் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றாலோ 15-க்கு மேல் போனாலோ சார்ஜிங்கில் கோளாறு.

7. ஓட்டிப் பார்ப்பது

ஓட்டிப் பார்க்க உங்களுக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முழுத் தொகையையும் பிணையாக வைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று விற்பவர் கேட்பது நியாயமே. கீழே போட்டால் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை முறுக்காதீர்கள். சூடேறிய பிறகு இரண்டாம் கியரில் நடுத்தர வேகத்திலிருந்து த்ராட்டிலை நன்றாகத் திறவுங்கள். கியர் நழுவி வெளியே வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிய வேலை. உயர் கியரில் திறக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நேர் சாலையில், மெதுவான வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் நிற்க விடுங்கள். வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறும்போது ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். அது சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டே அணையுங்கள்.

உங்களோடு ஒரு மெக்கானிக் வந்தால் நல்லது. விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம்.

8. பேரம், பணம், பெயர் மாற்றம்

பேரத்தில் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பது எடுபடாது. டயர் இவ்வளவு, செயின் செட் இவ்வளவு, வால்வு வேலைக்கு இவ்வளவு என்று முன்பே விசாரித்த விலைகளைத் தாளில் எழுதி எதிரே வையுங்கள். நியாயமானவர் அதில் பாதியையாவது ஏற்பார். ஓட்டும் பருவம் முடிந்த பிறகு வாங்கினால் விலையும் இறங்கும், ஆற அமரப் பார்க்க நேரமும் இருக்கும்.

விற்பனைக் கடிதத்தில் இருவர் பெயர், முகவரி, 17 இலக்க எண், மீட்டரில் உள்ள கி.மீ., தொகை, தேதி ஆகியவற்றோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று காலை வண்டி வாங்கிய அபராதம் யாருடையது என்ற சண்டைக்கு அந்த நேரம்தான் சாட்சி. சின்னக் குறைகள் எவை தெரிந்து வாங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவரோடு சேர்ந்தே போவது, அல்லது இணையவழி என்றால் எதிரே உட்கார்ந்து முடிப்பதுதான் பாதுகாப்பு. கையெழுத்திட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டால், ஒரு எழுத்துப் பிழைக்காக அவரைத் தேடி அலைய வேண்டி வரும். ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் தொடங்கும் வரை சாலையில் இறக்காதீர்கள். வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம்.

9. முதல் வாரம்

எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லாத எல்லாத் திரவத்தையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும், கூலன்ட், பிரேக் திரவம். எண்ணெய் வாங்கும்போது பைக் எண்ணெய்க்கான தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை பாருங்கள். இந்த எஞ்சின்களில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது. கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் வழுக்கும். பிரேக் திரவம் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மூடியில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ, பெரும்பாலும் டாட் 4, அதையே ஊற்றுங்கள்.

டயர் காற்று பல 600 வண்டிகளுக்கு முன் 36, பின் 42 பிஎஸ்ஐ; குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். செயின் தளர்வு வண்டிக்கு வண்டி 20 முதல் 45 மி.மீ. வரை மாறுவதால் ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். செயினைத் துடைக்கும்போது எஞ்சின் அணைந்தே இருக்கட்டும். ஓடவிட்டுத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. கையால் சக்கரத்தைச் சுற்றித் துடையுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

10. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது டயர் போட்டிருந்தால் முதல் 150 கி.மீ. வரை வளைவிலும் பிரேக்கிலும் நிதானம். பழைய டயர் என்றாலும் கிளம்பிய முதல் சில கிலோமீட்டர் அது குளிர்ந்தே இருக்கும்.

இந்த வண்டிகளில் முன் பிரேக் கடுமையானது. நான்கு விரலால் அள்ளிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டு, இரண்டு விரலால் முதலில் லேசாக, முன்பக்க எடை இறங்கியதும் அழுத்தமாகப் பிடிக்கப் பழகுங்கள். காலியான இடத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதாகப் பயந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடுவதுதான் அபாயம். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே த்ராட்டிலைச் சீராக வைத்திருங்கள்.

உடல் எடையைக் கையில் போடாதீர்கள். முழங்காலால் டாங்க்கைக் கவ்வி, வயிற்றுத் தசையால் தாங்குங்கள். மணிக்கட்டு வலி பாதி குறைவதோடு ஹேண்டிலும் உங்கள் சொல் கேட்கும். ஹேண்டில் திரும்பும் அளவு குறைவு என்பதால் யு-டர்னுக்கு அதிக இடம் வேண்டும். முழுதாகத் திருப்பும்போது டாங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்கும். நின்ற இடத்தில் சாய்வது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். கண்ணாடியில் பாதி உங்கள் முழங்கைதான் தெரியும்; தலையைத் திருப்பிப் பார்க்காமல் தடம் மாறாதீர்கள்.

ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்ப இருக்கிறதா என்றும் இந்தக் காலத்திலேயே பாருங்கள். நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து உட்காரும்போது பின்பக்கம் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்குவது சாலைக்கு ஏற்றது. ஒருவர் அளக்க, ஒருவர் வண்டியைப் பிடிக்க, நீங்கள் உட்கார வேண்டும். பணச் செலவே இல்லாத வேலை, வண்டி வளைவில் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

11. நிறுத்தி வைக்க நேர்ந்தால்

மாதக்கணக்கில் ஓட்ட முடியாது என்றால் டாங்க்கை நிரப்பி, எரிபொருள் நிலைப்படுத்தும் திரவம் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் நன்மை இல்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் உள்ளே ஈரம் சேரும், பேட்டரியும் இறங்கும். அதற்குப் பதில் பராமரிப்பு சார்ஜரில் போடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.